வேங்கையின் தழும்பு

விசில் ஊதும்வரை கண்கட்டை அவிழ்க்கக் கூடாது என்பதுதான் விளையாட்டு. ஆளுக்கொரு மரத்தை அணைத்து, கையாலேயே அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காட்டைப் பற்றிக் கற்றுக்கொள்ள நகரத்திலிருந்து வந்திருந்த பன்னிரண்டு பேருக்கும் வழிகாட்டி நஞ்சிதான் துணி கட்டிவிட்டாள். அவர்களில் ஒருவரான, முன்பு இதே காட்டில் ரேஞ்சராக இருந்து ஓய்வுபெற்ற தணிகாசலத்துக்கு மட்டும் முடிச்சை இறுக்கிப் போட்டாள். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. உதிர்ந்த சருகு நொறுங்க, கையைப் பிடித்து நடத்திப்போய் ஓடைக்கரை வேங்கைமரத்தில் அவரைச் சேர்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் விசில் ஊதாமலே மற்றவர்களைத் தோளில் தட்டி, கட்டை அவிழ்த்து, டீ குடிக்க ஜீப்புக்கு அனுப்பினாள்.

ரேஞ்சரின் விரல்கள் பட்டையைத் தடவிக்கொண்டே வந்து இடுப்புயரத்தில் நின்றன.

"இங்க சுத்தி ஒரு பள்ளம் இருக்கேம்மா. பிசின் கல்லா காஞ்சிருக்கு. சங்கிலித் தடமா?"

"ஆமாங்க சார். சந்தனக்கட்டை எங்கடான்னு கேட்டு ஒரு ஆள நாள் பூரா கட்டி வெச்சிருந்தாங்க. கண்ணையும் கட்டித்தான்."

விரல்கள் அசையவில்லை.

"விசில் இன்னும் ஊதலயாம்மா?"

நஞ்சி கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எங்கப்பனுக்கு யாருங்க சார் ஊதுனாங்க?"

பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தாள். அவர் கைகளை யாரும் கட்டியிருக்கவில்லை. ஆனாலும் மரத்தை விடாமல் நின்றுகொண்டிருந்தார். டீ ஆறிவிடுமே என்று அவள் நடையை எட்டிப்போட்டாள்.