கள்ளிவேலிக்கு வெளியே

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று, ஆவணி மாதத்துச் சாயங்காலம். பாளையங்கோட்டை மைதானத்தின் கள்ளிவேலிக்கு வெளியே ஆசீர்வாதம் உபாத்தியாயர் நிற்கிறார். ஏழு வருஷமாக இந்தக் கால்பந்துக் கழகத்தாருக்கு ஆட்டம் பழக்கியவர் அவர். போன வாரம் கழகத்தார் கூடி அவரை விலக்கிவிட்டார்கள். உள்ளே புதிதாக வந்தவர் விசில் ஊதுகிறார். ஆட்டக்காரர்கள் ஓடுகிறார்கள், செம்மண் புழுதி அவர்கள் முழங்கால் உயரத்துக்கு எழும்பி, சாய்ந்த வெயிலில் அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு கணம் முன்பே ஆசீர்வாதத்தின் உதடு குவிகிறது. அவரை விலக்கும் தீர்மானத்தை எழுதிய காரியதரிசி மாசிலாமணி வேலியோரம் வந்து, முகம் பாராமல் பேசுகிறார். "கண்ணு மங்கின பாக்கியநாதனைக் கோல்ல நிறுத்தாதியன்னு எத்தனை மட்டம் சொன்னோம், சார்வாள். நாலு ஆட்டம் தோத்தாச்சு. நாங்க செஞ்சது தப்பா?" ஆசீர்வாதம் தலையசைக்கிறார். "தப்பில்ல வே. உம்ம இடத்துல நான் இருந்தா, ரெண்டாவது ஆட்டத்துலயே விலக்கியிருப்பேன்." மைதானத்தின் கோல் கம்பங்களைக் கைகாட்டுகிறார். "ஆனா கோல்ல நிக்கிறதை விட்டா அவன் எங்கன போவான், சொல்லும்." அப்போது யாரோ ஓங்கி உதைத்த பந்து கள்ளியைத் தாண்டி வந்து, ஆசீர்வாதத்தின் காலடியில் உருண்டு நிற்கிறது. குனிந்து எடுக்கிறார். தோல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது; வார்முடிச்சில் ஒரு புல் சிக்கியிருக்கிறது. "பந்தை இங்கன போடுங்க, சார்வாள்" என்று உள்ளேயிருந்து கூப்பிடுகிறார்கள். "போடுதேன், போடுதேன்" என்கிறார் அவர், இரண்டு கையாலும் அதை மார்போடு அணைத்துக்கொண்டு.