பதினேழாவது விடை

மேசைமேல் ஏழு விடை அட்டைகள். ஆறு ஒரே கட்டாக இருந்தன. டாக்டர் மயேசோவின் அட்டை மட்டும் தனியாகக் கிடந்தது. பாவம், அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

மருத்துவ இதழை மாதாமாதம் படித்து, இருபது கேள்விக்கு விடை எழுதி அனுப்பினால்தான் உரிமம் புதுப்பிப்பார்கள். தலைமை மருத்துவர் லுசுங்கு கோண்ட்வே இதழைப் படித்து வருஷக்கணக்காகிறது. சரிபார்த்துக்கொள்ள என்று கடைசிப் பக்கத்தில் விடைகள் அச்சாகியிருக்கும். காலைத் தேநீர் ஆறுவதற்குள் ஏ, பி, சி, டி என்று அட்டையை நிரப்பிவிடுவார்.

தலைநகரிலிருந்து திடுதிப்பென்று வந்திறங்கிய சுகாதாரத் துறை அதிகாரி கும்வெண்டா மேடம், வந்ததும் குழந்தைகள் வார்டு பதிவேட்டைத்தான் கேட்டு வாங்கினார். அது இன்னும் அவர் மடியிலேயே இருந்தது.

"பதினேழாவதுக்கு எல்லாரும் டி. நீங்க மட்டும் ஏன் பி?"

"கட்டுரையில அப்படித்தான் இருக்கு மேடம். மூணு தடவை படிச்சேன்." என்றான் மயேசோ.

"உனக்கு மட்டும் தனியா அச்சடிச்சு அனுப்பினாங்களா தம்பி?" என்றார் லுசுங்கு. மேடம் சிரிக்கவில்லை. மயேசோவை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

லுசுங்கு மேசைமேலிருந்த அட்டைக் கட்டைப் பார்த்தார். காப்பியடிப்பது தெரிந்துவிட்டதா? உரிமம் போனால் இருபத்திரண்டு வருஷ வேலையும் போச்சு. என்ன கேட்டாலும் படித்தேன் என்றே சாதிப்பது என்று முடிவு கட்டினார்.

"வலிப்போட வர்ற குழந்தைக்கு எவ்வளவு மருந்துங்கறதுதான் கேள்வி. படிச்சுதான் டி போட்டீங்களா டாக்டர்?"

"சத்தியமா மேடம். வரி விடாம படிச்சேன்."

"வார்டுல?"

வார்டில் அவர் கொடுப்பது கல்லூரியில் கற்றுக்கொண்ட பழைய அளவுதான். அதை எப்படிச் சொல்வது?

"படிச்சதை வார்டுல செய்யலேன்னா எதுக்கு மேடம் படிக்கணும்? அந்த இதழ் வந்த நாள்லேருந்து எல்லாக் குழந்தைக்கும் டி அளவுதான். நானே என் கையால குடுக்கறேன்."

"எல்லாக் குழந்தைக்கும்?"

"ஒண்ணு விடாம."

அவர் சொன்னதையெல்லாம் மேடம் நிதானமாக எழுதினார். தாளை லுசுங்குவின் பக்கம் நகர்த்தினார். லுசுங்கு படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். தப்பித்தோம் என்று இருந்தது.

"கடைசிப் பக்கத்துல அச்சுப்பிழை டாக்டர். விடை பி-தான். டி-ன்னா பத்து மடங்கு மருந்து."

லுசுங்கு கையெழுத்துப் போட்ட தாளுக்குக் கை நீட்டினார்.

மேடம் மடியிலிருந்த பதிவேட்டைப் பிரித்தார்.

"போன மாசம் வலிப்போட வந்து செத்துப்போன நாலு குழந்தைங்களை விசாரிக்கத்தான் வந்தேன்."