தேசிங்குவின் புகைப் பங்கு

எண்ணெய் மின்நிலையத்துக் கொதிகலனில் முப்பது வருடம் வேலை பார்த்த தேசிங்கு இறந்தபோது, அவரை எரிக்க அனுமதி கிடைக்கவில்லை. நாட்டில் ஆளுக்கு இவ்வளவு புகைதான் என்று சட்டம். அடுப்பு, வண்டி, சிதை எல்லாம் அந்தப் பங்குக்குள் அடங்க வேண்டும். தான் விடும் புகைக்குக் கணக்குக் காட்டுவதற்காக, அவர் வாழ்ந்த மீனவக் குப்பத்தாரின் பங்கையெல்லாம் மின்நிலையம் என்றோ எழுதி வாங்கியிருந்தது.

துக்கம் விசாரிக்க மின்நிலைய அதிகாரி மாலையோடு வந்தார். வெள்ளைச் சட்டையில் விழுந்த புகைக்கரியைத் தட்டிவிட்டபடியே பேசினார்.

"புதைச்சிடுங்கம்மா. மேல ஒரு மரக்கன்னு நடுறோம். அப்பா பேரும் போடுறோம். சுற்றுச்சூழலுக்கு அவர் செய்யற தொண்டு."

தேசிங்குவின் மகள் பொற்கொடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்கப்பா நெஞ்சுல அடைச்சுக் கெடக்கே, அந்தப் புகை யாரு பங்கு சார்?"

"சட்டம்னு ஒண்ணு இருக்கில்லம்மா..."

"இருக்கட்டும். மாலைய எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

அன்று மாலை கடற்கரையில் உடைந்த படகுப் பலகைகளை அடுக்கி, அவளே கொள்ளி வைத்தாள். சற்று நேரத்தில், அனுமதியில்லாத புகையைத் தேடி அரசு ட்ரோன் ஒன்று பறந்து வந்தது. உறவினர்கள் கலைந்து ஓடினார்கள். பொற்கொடி அசையவில்லை. மின்நிலையத்தின் புகை கரை முழுக்கக் கவிந்திருந்ததில், சிதையின் புகையைப் பிரித்தறிய அந்த இயந்திரத்தால் முடியவில்லை. இரண்டு வட்டம் அடித்துவிட்டுத் திரும்பிப் போனது.

"இதுக்காவது ஒதவிச்சே சனியன்!" என்று மின்நிலையத்தின் பக்கம் திரும்பிக் காறித் துப்பினாள் பொற்கொடி.