உதறல்

கேம் மெஷினின் பொத்தான் மேல் விரலை வைத்துவிட்டான். இனிமேல் பின்வாங்க முடியாது.

பின்னால் இருபது முப்பது பேர். வீடியோ கேம் ரசிகர்கள் மாநாடு. ஆளாளுக்கு ஒரு வேஷம். ஒருத்தனுக்குக் கொம்பு. ஒருத்திக்குச் சிறகு. அட்டைப்பெட்டியில் ரோபோ செய்து மாட்டிக்கொண்டு வந்தவன் உட்கார வழியில்லாமல் காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறான். வாய் ஓட்டை வழியாக யாரோ அவனுக்குத் தயிர்சாதம் ஊட்டிவிடுகிறார்கள்.

பேன்ட், சட்டை, பாக்கெட்டில் பேனா என்று வந்தது இவன் ஒருத்தன்தான்.

"அங்கிள், நீங்க எந்த கேரக்டர்?"

வாசலிலேயே ஒரு பெண் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் செல்ஃபியும் எடுத்துக்கொண்டாள்.

வேடிக்கை பார்க்க வந்தவனா இவன்? பயந்துபோய் வந்தவன்.

ஏழு மாதமாக வலது கை நடுங்குகிறது.

சும்மா கை இல்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற கை. சோறு போடுகிற கை. போன வாரம் ஒரு அம்மாளை மூன்று தடவை குத்தினான். "நரம்பு கெடைக்க மாட்டேங்குதும்மா" என்று பழியைத் தூக்கி அவள் மேல் போட்டான். "எனக்கு எப்பவுமே அப்படித்தாம்ப்பா" என்றாள் அந்தப் பாவப்பட்ட மனுஷி. அன்றைக்கு இவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனாலும் ஒரு நம்பிக்கை இருந்தது. அசட்டு நம்பிக்கைதான். இருந்துவிட்டுப் போகட்டுமே.

தொண்ணூற்று மூன்றில், புரசைவாக்கத்து வீடியோ கேம் கடையில், இவனுக்குப் பேரே உதறல். முழங்கையை இறுக்கி, தோளை விறைப்பாக்கி, விரலைப் பொத்தான் மேல் அதிரவிடுவான். மற்ற பையன்கள் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருப்பார்கள். திரையில் இவன் ஃபிளைட் மட்டும் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி குண்டாகக் கொட்டும். தோளைத் தளர்த்தினால் போதும், அந்த நொடியே விரல் நின்றுவிடும்.

அந்தப் பழக்கம்தான் திரும்பி வந்திருக்கிறது. வேறு ஒன்றும் கிடையாது. இந்த மாநாட்டில் வைத்திருக்கிற அதே பழைய மெஷினில் ஒரு தடவை உதறிவிட்டு நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது.

நின்றுவிடும்.

நிற்க வேண்டும், கடவுளே.

ஆட்டம் தொடங்கியது. முழங்கையை இறுக்கப் போனான்.

இறுக்கவே தேவைப்படவில்லை. விரல் தானாகவே அடித்தது.

திரை முழுக்கக் குண்டு. எதிரி விமானங்கள் வரிசையாக வந்தன, வந்த வரிசையிலேயே சிதறின. "யோவ், கையைப் பாருய்யா!" என்று பின்னால் ஒரே கூச்சல். சிறகுக்காரி வீடியோ எடுத்தாள். ரோபோ தயிர்சாதத்தை விட்டுவிட்டு முண்டியடித்து முன்னால் வந்தான்.

சும்மா சொல்லக் கூடாது, இவனுக்கும் ஜிவ்வென்றுதான் இருந்தது. மறுபடியும் பதினாறு வயசுப் பையனாகிவிட்டான். இரண்டு நிமிடத்துக்குப் பயம் போன இடமே தெரியவில்லை.

கடைசியில் வந்த பெரிய கப்பல் வெடித்தது. அதில் மோதி இவன் ஃபிளைட்டும் வெடித்தது. திரை இருண்டது.

தோளைத் தளர்த்தினான்.

கையைத் தொங்கவிட்டான்.

விரல் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணா, கேம் முடிஞ்சிருச்சுண்ணா! போதும், விடுங்க!"

கொம்பு வைத்தவன் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். இவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் திணித்தான். பாக்கெட் ஆடியது.

கூட்டம் அடுத்த மெஷினுக்கு நகர்ந்தது.

ஒரு ஆக்டோபஸ் மட்டும் போகவில்லை.

பஞ்சு அடைத்த எட்டுக் கை. அதில் இரண்டு தரையில் இழுபட்டன. அது மெல்லத் தன் தலையைக் கழற்றியது. உள்ளே மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். முகமெல்லாம் வேர்வை. இவளுக்கும் ஒரு செல்ஃபி வேண்டும்போல, என்று நினைத்தான்.

அவள் சிரிக்கவில்லை. பாக்கெட்டைத்தான் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் பேசுகிற தணிந்த குரலில் கேட்டாள்.

"எந்தக் கையில சார் மொதல்ல ஆரம்பிச்சுது?"

எட்டில் எதைச் சொல்கிறாள் என்று ஒரு கணம் குழம்பினான்.

அப்புறம் புரிந்தது. இவன் கை நடுக்கத்தைத்தான் கேட்கிறாள்.

அதெல்லாம் டெக்னிக்குங்க என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு, சிரித்த முகத்தோடு பஸ் ஏறிவிடலாம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு யாரோ ஒருவர் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்து, இவனை நம்பிச் சட்டைக் கையை மடித்துவிடுவார்.

சிறகுக்காரி தூரத்திலிருந்து இவனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தான். மறைக்காமல் நீட்டினான்.

"வீட்ல இன்னும் சொல்லல, டாக்டர்."