எழுதிக் கொடுத்த நடை

ஸ்டூடியோவில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்தாள் முத்துப்பேச்சி. வெறுங்கையோடு அறையின் அந்தக் கோடி வரை நடக்கச் சொன்னார்கள். முப்பது வருஷம் உப்புக்கூடை சுமந்த கழுத்து, தலையில் ஒன்றுமில்லாமலே விறைத்து நின்றது. வெடித்த பாதங்கள் வரப்பில் போவதுபோல் ஒன்றன்முன் ஒன்றாக விழுந்தன. கேமராக்காரர் ஐந்து தடவை நடக்கவிட்டார்.

"இந்த நடைய எங்களுக்கு எழுதிக் குடுத்துருங்கக்கா. படம் எந்த நாட்டுக்குப் போனாலும் உங்களுக்கும் பங்கு வரும். ஆனா இனிமே வேற எங்கயும் இப்படி நடக்கக் கூடாது," என்றார் மேனேஜர்.

"அப்போ நாளைக்கு அளத்துல நான் எப்படி தம்பி நடக்க?"

"அது உங்க பாடு."

ஐப்பசி பிறந்தால் மழை, அளத்தில் வேலை கிடையாது. ரேகை வைத்தாள். வாசலுக்கு இருபதடிதான் இருக்கும். எந்தக் காலை எப்படி எடுத்து வைப்பதென்று பிடிபடாமல் நின்றாள். அறையில் இருந்த அத்தனை பேரும் அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.