பதினான்காம் பக்கம்

"மூடியைத் திறக்காதீங்க!"

அச்சாகி வந்த பாய்லர் இயக்கக் கையேட்டைக் கையில் பிடித்தபடி, அதை எழுதியவள் பாய்லர் அறைக்கு ஓடினாள். அதற்குள் சீறிய ஆவியில், கையேட்டைப் பார்த்து மூடியைத் திறந்த புது ஆபரேட்டரின் இரண்டு கைகளும் வெந்துவிட்டன.

ஆம்புலன்ஸ் போனதும் இன்ஜினீயரின் அறைக்குள் புகுந்தாள்.

"அழுத்தத்தை இறக்கிட்டுத்தானே சார் மூடியைத் திறக்கணும்? பதினாலாம் பக்கத்துல தலைகீழா இருக்கு. சரின்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

"நான்தான். ரெண்டு வருஷமா என்கிட்ட நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதாம்மா? கேள்வி கேட்டா வள்ளுனு விழுவேன். தப்பைக் கண்டா மட்டும் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து நானே திருத்துவேன், கூடவே பத்து விஷயம் எழுதியும் தருவேன். இந்தத் தடவை, இவ்வளவு உழைக்கிற பொண்ணு இனிமே தப்பு விடாதுன்னு நம்பிட்டேன். படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுட்டேன்."



கையெழுத்தைக் கண்டதும், வழக்கம்போல் திருத்தியிருப்பார் என்று நம்பி, புரட்டிக்கூடப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியிருந்தாள். கேட்டால் சொல்லித்தராதவரை உட்காரவைத்து எழுதி வாங்கும் தூண்டிலாக, அந்தத் தப்பை வேண்டுமென்றே எழுதி வைத்தவளே அவள்தான்.