சிம்மாசனம் சொல்லாத சாட்சி

ஒரு அரசு மாளிகையின் தர்பார் மண்டபத்தில் பழைய சிம்மாசனம் ஒன்று இருந்தது. அதைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டி, 'உட்காரக் கூடாது' என்று பலகை வைத்திருந்தார்கள். பக்கத்தில் காவலாளி உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"என்மேல் மூன்று ராஜாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், தெரியுமா?" என்று சிம்மாசனம் அதனிடம் தினமும் பீற்றிக்கொள்ளும். தன் பின்கால் ஒன்றைக் கரையான் தின்றுவிட்டதை மட்டும் அதிகாரிகள் யாருக்கும் காட்டிக்கொள்ளாது.

ஒரு நாள் கயிற்றை அவிழ்த்தார்கள். புதிதாக வந்த கவர்னர் அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளப் போகிறாராம். சிம்மாசனத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"கால் தாங்காதுங்க ஐயா. லேசா ஆடிக் காட்டுங்க, அவங்களே புரிஞ்சுக்குவாங்க" என்றது பிளாஸ்டிக் நாற்காலி.

"ஆடினால் என்னைக் கிடங்கில் போட்டுவிடுவார்கள். நீ வாயை மூடு" என்று சீறிய சிம்மாசனம், மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது.

கவர்னர் உட்கார்ந்தார். படக்கென்று சிம்மாசனத்தின் பின்கால் முறிந்து, அவர் மல்லாக்க விழுந்தார்.

விசாரணை நடந்தது. சிம்மாசனம் பழுது என்று எழுதினால், அதைப் பராமரிக்காத அதிகாரிகள் மாட்டிக்கொள்வார்கள். அதனால், 'அருகிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலி இடறியதே விபத்துக்குக் காரணம்' என்று எழுதி, அதை உடைத்துப் போடச் சொன்னார்கள்.

இழுத்துக்கொண்டு போகும்போது அது கதறியது: "ஐயா, நீங்களாவது நடந்ததைச் சொல்லுங்க!"

சிம்மாசனத்துக்கு அப்போதுதான் புதுக் கால் பொருத்தியிருந்தார்கள். அது நிமிர்ந்து நின்றுகொண்டு சொன்னது:

"சாட்சி சொல்வதெல்லாம் எங்கள் வம்சத்தில் வழக்கமில்லை."